கீமோவுக்குப் பின் வரும் காய்ச்சல்: கைத்தொலைபேசிச் செயலி எதைச் செய்யும், எதைச் செய்யாது

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரின் தொற்று அறிகுறிகளைக் கைத்தொலைபேசிச் செயலி மூலம் கண்காணிப்பது பற்றிய செய்திகளை வாசிப்போரில் ஒரு சாரார், தொலைபேசியே உடம்பில் புகுந்த கிருமியைக் கண்டுபிடித்துவிடும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். மற்றொரு சாரார், காய்ச்சலைப் பார்க்க ஒரு வெப்பமானி போதாதா, இதற்கும் ஒரு செயலி தேவையா என்று கேட்கிறார்கள். முதலாவது எண்ணம் தவறு. இரண்டாவது கேள்வி நியாயமானது. அதற்கு விடை காண வேண்டுமானால், கீமோதெரபி ஏற்றப்பட்ட உடம்பில் காய்ச்சல் என்பது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வெள்ளணுக்கள் குறையும் நாட்கள்

கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பெருகும் கலங்களைத் தாக்குகின்றன. புற்றுநோய்க் கலங்கள் அத்தகையவை. ஆனால் என்பு மச்சையில் குருதிக் கலங்களை உண்டாக்கும் கலங்களும், வாயிலிருந்து குடல் வரை உட்புறத்தை மூடியிருக்கும் மென்சவ்வின் கலங்களும், தலைமயிரின் வேர்களும் அத்தகையவையே. முடி கொட்டுவது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. மச்சையில் நடப்பது தெரிவதில்லை.

குருதியிலுள்ள வெள்ளணுக்களில் நியூட்ரோபில் என்ற வகைதான் பற்றீரியாவையும் பங்கசையும் முதலில் சென்று எதிர்ப்பது. இது குருதியில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. அதனால் மச்சை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோபில்களைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. உற்பத்தி தடைப்பட்டால் குறைவு சில நாட்களிலேயே வெளிப்படும். பெரும்பாலான மருந்துகளில், ஏற்றிய நாளிலிருந்து 7 முதல் 14 நாட்களுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்தைத் தொட்டு, பின்னர் மெல்ல ஏறுகிறது. அதாவது, நோயாளி வார்டிலிருந்து வீட்டுக்கு வந்து, வாந்தி அடங்கி, ‘இந்த முறை பரவாயில்லை’ என்று வீட்டார் மூச்சு விடும் நாட்களே ஆபத்து மிகுந்த நாட்கள்.

இரத்தப் பரிசோதனைத் தாளில் இதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். மொத்த வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலீற்றரில் 1,200 என்றும், அதில் நியூட்ரோபில் 30 சதவீதம் என்றும் தாளில் இருந்தால், நியூட்ரோபில்களின் எண்ணிக்கை 360. இது 1,500க்குக் கீழே போனால் குறைவு; 500க்குக் கீழே போனால் கடுங்குறைவு. மேலுள்ள நோயாளி இரண்டாவது நிலையில் இருக்கிறார். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

அறிகுறிகளும் ஒளிந்துகொள்ளும்

சாதாரண மனிதரின் காயம் சிவக்கும், வீங்கும், சீழ் கட்டும். சீழ் என்பதே பெரும்பாலும் இறந்த நியூட்ரோபில்களின் திரட்சிதான். நியூட்ரோபில் இல்லாதவருக்குச் சீழும் இல்லை, வீக்கமும் குறைவு. நுரையீரலில் தொற்று இருந்தும் எக்ஸ்ரே தெளிவாக இருக்கக்கூடும். கிருமி வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. மருந்தினால் புண்பட்ட குடற்சுவர் வழியாக, நோயாளியின் குடலிலேயே காலமெல்லாம் இருந்த பற்றீரியா குருதிக்குள் இறங்கிவிடலாம். வீட்டைக் கழுவித் துடைத்து, வருவோர் போவோரைத் தடுத்து, கொதித்தாறிய தண்ணீரையே கொடுத்து வந்த குடும்பங்கள், காய்ச்சல் வந்ததும் தங்களையே நொந்துகொள்வதைப் பார்க்கிறோம். அந்தக் குற்றவுணர்வுக்கு அவசியமில்லை.

ஆகவே, இந்த நிலையில் காய்ச்சல் ஒன்றே பல வேளைகளில் முதல் அடையாளமும் ஒரே அடையாளமும் ஆகிறது. அமெரிக்கத் தொற்றுநோய் நிபுணர் சங்கத்தின் வரையறைப்படி, வாயில் வைத்துப் பார்த்த வெப்பநிலை ஒரு தடவை 38.3 பாகை செல்சியசை எட்டினாலோ, 38 பாகையில் அல்லது அதற்கு மேல் ஒரு மணி நேரம் நின்றாலோ அது காய்ச்சல். பரனைற்றில் சொன்னால் முறையே 101உம் 100.4உம். நியூட்ரோபில் குறைந்தவருக்கு இது ஏற்பட்டால், வைத்தியசாலையை அடைந்த ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் முதல் வேளை நாளத்தில் ஏற்றப்பட வேண்டும் என்பதே இன்றைய சர்வதேச வழிகாட்டல். பரிசோதனை முடிவு வரும் வரை காத்திருப்பதில்லை. 2006இல் வெளியான, 41,779 பேரின் பதிவுகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வில், இந்நிலையில் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர்களில் 9.5 சதவீதமானோர் அங்கேயே இறந்திருந்தனர். சிகிச்சை பலனளித்துக்கொண்டிருக்கும் நோயாளிகளும் இப்படிப் போய்விடுகிறார்கள் என்பதுதான் இதில் பொறுத்துக்கொள்ள முடியாதது.

நம் ஊரில் காய்ச்சல் என்றால் டெங்கு

கொழும்பில் வாழ்பவர்களுக்குக் காய்ச்சலைப் பற்றி ஒரு பாடம் நன்றாகப் பதிந்திருக்கிறது. 2017இல் இலங்கை முழுவதும் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்குச் சந்தேகத்துடன் பதிவானபோது அந்தப் பாடம் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது: பனடோல் மட்டும் கொடு, வேறு வலிமாத்திரை கொடுக்காதே, நீராகாரம் கொடு, மூன்றாம் நாள் இரத்தம் சோதித்துப் பார். அந்தப் பாடம் பல உயிர்களைக் காப்பாற்றியது, இன்றும் காப்பாற்றுகிறது.

ஆனால் கீமோ ஏற்றிப் பத்து நாளான ஒருவருக்கு அதே பாடம் எமனாகிவிடும். முதலாவதாக, பனடோல் வெப்பநிலையை இறக்கிவிடும். தொற்று உள்ளே வளர்ந்துகொண்டிருக்க, வெப்பமானி மட்டும் சுகம் என்று சொல்லும். கீமோவுடன் சேர்த்துக் கொடுக்கப்படும் டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்துகளும் இதே வேலையைச் செய்கின்றன. இரண்டாவதாக, மூன்றாம் நாள் வரை காத்திருக்க இங்கே நேரமில்லை, கணக்கு மணித்தியாலங்களில். மூன்றாவதாக, டெங்குவிலும் வெள்ளணுக்களும் குருதிச் சிறுதட்டுக்களும் குறைகின்றன, கீமோவிலும் குறைகின்றன. ஆகவே இரத்தத் தாளை மட்டும் பார்க்கும் ஒருவர், கீமோ பற்றி யாரும் சொல்லாவிட்டால், இதை டெங்கு என்றே எண்ணிவிடலாம். உண்மையில் இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வரவும் கூடும். அதைப் பிரித்தறிவது வைத்தியரின் வேலை, வீட்டாரின் வேலையல்ல.

என் பார்வையில், இந்த நகரத்துக்கு ஏற்றதொரு செயலி உருவாக்கப்படுமானால் அதன் முதலாவது பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ‘காய்ச்சல்’ என்று பதிந்தவுடன், ‘பனடோல் குடித்தீர்களா, எத்தனை மணிக்கு?’ என்று அது கேட்க வேண்டும். குடிக்கவில்லை என்றால், ‘வைத்தியரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம், இப்போதே அழையுங்கள்’ என்று சொல்ல வேண்டும்.

செயலி உண்மையில் செய்வது

பெயர்களும் நிறங்களும் வேறுபட்டாலும், இவ்வகைச் செயலிகளின் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

1. நோயாளியோ பராமரிப்பவரோ நாளுக்கு ஓரிரு தடவை வெப்பநிலையைப் பார்த்து அதில் பதிகிறார். சில ஏற்பாடுகளில் உடம்பில் ஒட்டும் உணரி தானாகவே அனுப்பும். ஆனால் அது அளப்பது தோலின் வெப்பத்தை. மின்விசிறிக் காற்றும் வியர்வையும் அதை மாற்றிவிடும்.

2. வாய்ப்புண், இருமல், மூச்சு வாங்குதல், சலம் கழிக்கும்போது எரிவு, வயிற்றோட்டம், ஊசிக்குழாய் போட்ட இடத்தில் நோவு, நடுக்கம், வழக்கத்துக்கு மாறான மயக்கம் அல்லது தடுமாற்றம் ஆகியவை பற்றிச் சில கேள்விகள் வருகின்றன.

3. விடைகளை ஒரு விதித்தொகுப்பு எடைபோடுகிறது. கீமோ ஏற்றிய திகதி அதற்குத் தெரிந்திருந்தால், ஒன்பதாம் நாளின் 37.9ஐயும் இருபதாம் நாளின் 37.9ஐயும் வெவ்வேறாக எடுத்துக்கொள்ளலாம். பச்சை என்றால் வீட்டில் இருக்கலாம். மஞ்சள் என்றால் தாதி அழைத்துப் பேசுவார். சிவப்பு என்றால் உடனே வைத்தியசாலை.

4. மஞ்சளும் சிவப்பும் சிகிச்சைக் குழுவின் தொலைபேசிக்கோ கணினிக்கோ போய்ச் சேர்கின்றன.

நான்காவது படிதான் மற்ற மூன்றுக்கும் அர்த்தம் கொடுக்கிறது. கண்டறிதல் என்ற வேலையை இதில் எந்தப் படியிலும் தொலைபேசி செய்யவில்லை. தொற்றா இல்லையா என்பதை, இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனையும் வைத்தியரின் கையும்தான் தீர்மானிக்கும். இரவு பதினொரு மணிக்குத் தயங்கிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தின் தயக்கத்தைச் சில நிமிடங்களாகச் சுருக்குவதே செயலியின் பணி. தயக்கம் சிறிய விடயமல்ல. ‘காலையில் பார்க்கலாம்’, ‘டொக்டரை எதற்குக் கரைச்சல்படுத்துவது’, ‘இந்நேரம் ஓட்டோ பிடித்துப் போய்த் திருப்பி அனுப்பிவிட்டால்?’ என்ற இந்த மூன்று வாக்கியங்களும் பல மணித்தியாலங்களை விழுங்குபவை.

வெப்பமானி, அலகு, சொல்

கொட்டாஞ்சேனையின் தொடர்மாடி வீடொன்றில் தாயின் காய்ச்சலைப் பார்க்கும் மகளை நினைத்துப் பாருங்கள். வெப்பமானியைக் கமக்கட்டில் வைக்கிறார், சத்தம் கேட்டதும் எடுக்கிறார், 99.6 என்று காட்டுகிறது. செயலியின் பெட்டி செல்சியசில் கேட்கிறது. அவர் 99.6 என்றே பதிகிறார். செயலி அதைப் பிழை என்று தள்ளிவிடுகிறது. இரண்டாம் தடவையும் தள்ளியதும் அவர் தொலைபேசியை வைத்துவிடுகிறார். உண்மையில் அது 37.6 பாகை. கமக்கட்டு அளவு வாய் அளவைவிடப் பொதுவாகக் குறைவாகவே காட்டும் என்பதால் தாயின் உண்மையான வெப்பநிலை 38ஐத் தொட்டிருக்கவும் கூடும். இந்த ஒரு நிமிடத்தில் மூன்று இடறல்கள் இருக்கின்றன: அளந்த இடம், அலகு, பிழைச்செய்தி. நம்மில் பலர் ‘நூற்றியொரு காய்ச்சல்’ என்று பரனைற்றில்தான் பேசுகிறோம். இரண்டு அலகையும் ஏற்றுத் தானே மாற்றிக்கொள்ளாத செயலி இங்கே வேலைக்கு உதவாது. சூடான தேநீர் குடித்த கையோடு வாயில் வைத்தாலும் அளவு பிழைக்கும். அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். மலவாசல் வழியாக வெப்பநிலை பார்ப்பது நியூட்ரோபில் குறைந்தவருக்கு எக்காரணம் கொண்டும் கூடாது. அங்கு ஏற்படும் சிறு கீறலே தொற்றுக்கு வழியாகிவிடும்.

மொழி இன்னும் நுணுக்கமானது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கேள்விகளை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டால், காய்ச்சலோடு வரும் நடுக்கம் ‘குளிர்ச்சி’ ஆகிவிடக்கூடும். ‘உங்களுக்குக் குளிர்ச்சி உள்ளதா?’ என்ற கேள்விக்கு நம்மவர் எவரும் கவலையோடு ஆம் என்று சொல்ல மாட்டார். தமிழில் குளிர்ச்சி என்பது இதமான சொல். தமிழ்நாட்டில் எழுதப்பட்ட கேள்வியில் ‘ஜுரம்’ என்று வரும். இங்கே அது புழங்கும் சொல் அல்ல. மறுபக்கத்தில், நம் முதியவர்கள் ‘காய்ச்சல் குணமாக இருக்கிறது’ (காய்ச்சல் வரும் போலிருக்கிறது), ‘மேல் காந்துகிறது’, ‘ஒரு மாதிரி இருக்கிறது’ என்றுதான் தொடக்கத்தைச் சொல்வார்கள். வெப்பமானி எதையும் காட்டாத அந்த நேரத்துச் சொற்களே பல வேளைகளில் மிகப் பெறுமதியான அறிகுறி. குறிப்பாக வயதானவர்களுக்கும் ஸ்டீரொயிட் எடுப்பவர்களுக்கும் காய்ச்சல் இல்லாமலேயே தொற்று முற்றிவிடலாம். ‘காய்ச்சல்: ஆம் / இல்லை’ என்று இரண்டு பொத்தான்களை மட்டும் வைத்திருக்கும் செயலி, ‘ஒரு மாதிரி’ என்பதை ‘இல்லை’ என்றே பதிந்துகொள்ளும். இரண்டு அரசகரும மொழிகள் உள்ள நாட்டில், தமிழ்க் கேள்விகளை மகரகம புற்றுநோய் வைத்தியசாலையின் கிளினிக்கில் காத்திருக்கும் நோயாளிகள் சிலரிடமாவது வாசித்துக் காட்டி, அவர்கள் என்ன விளங்கிக்கொண்டார்கள் என்று கேட்ட பின்னரே வெளியிட வேண்டும். மலையகத்திலிருந்தும் வடக்கு கிழக்கிலிருந்தும் வருபவர்கள் ஒரே வருத்தத்துக்கு ஒரே சொல்லைச் சொல்வதில்லை.

ஆய்வுகள் காட்டியது

நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெற்றரிங் புற்றுநோய் நிலையத்தில் 766 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வே இத்துறையில் மிகுதியாக எடுத்துக்காட்டப்படுவது. அறிகுறிகளை இணையவழி தாங்களாகவே பதிந்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம், அதாவது பாதிப்பேர் தாண்டி வாழ்ந்த காலம், 31.2 மாதங்கள், வழக்கமான முறையில் சிகிச்சை பெற்றவர்களுக்கு 26 மாதங்கள். இது 2017இல் வெளியானது. அதே குழுவினர் பின்னர் அமெரிக்காவெங்கும் 52 சிகிச்சை நிலையங்களில் 1,191 பேரிடம் செய்த ஆய்வில் உடல் இயக்கமும் அறிகுறிக் கட்டுப்பாடும் மேம்பட்டன. ஆனால் ஆயுட்கால வேறுபாடு காணப்படவில்லை. ஐரோப்பாவில் ஐந்து நாடுகளின் 12 நிலையங்களில் 829 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், கைத்தொலைபேசி போன்ற கருவியில் நாள்தோறும் பதிந்தவர்களின் அறிகுறிச் சுமை குறைந்தது.

இவற்றை வாசிக்கும்போது இரண்டு விடயங்களை மனதில் கொள்ள வேண்டும். இவை தொற்றை மட்டும் இலக்காகக் கொண்ட ஆய்வுகள் அல்ல. குமட்டல், வலி, களைப்பு எல்லாம் இவற்றில் அடங்கும். ஆகவே, ‘செயலியால் தொற்று மரணம் குறைகிறது’ என்று இவற்றைக் காட்டிச் சொல்வது பிழை. அடுத்தது, எல்லாவற்றிலும் மறுமுனையில் ஆள் இருந்தார். நியூயோர்க் ஆய்வில், வந்த எச்சரிக்கைகளில் 77 சதவீதத்துக்குத் தாதியர் குறிப்பான நடவடிக்கை எடுத்திருந்தனர். ஐரோப்பிய ஆய்வில் சிவப்பு எச்சரிக்கைக்கு 30 நிமிடங்களுக்குள் பதிலளிப்பதே ஏற்பாடு. பலன் தந்தது எது என்று கேட்டால், அந்த 30 நிமிடத்தை நான் முதலில் சுட்டுவேன். செயலியை அதற்குப் பின்னர்தான்.

மறுமுனையில் யார்?

ஒரு கற்பனைக் கணக்கு. 300 நோயாளிகள் ஒரு செயலியில் இருக்கிறார்கள். ஒரு நாளில் மூவருக்கு உண்மையான தொற்று. செயலி மூவரையும் பிடித்துவிடுகிறது. மீதி 297 பேரில் இருபதில் ஒருவருக்கு வீணாக மணியடித்தாலும் ஏறத்தாழ 15 போலி எச்சரிக்கைகள். தாதியின் திரையில் 18 வரும். அவற்றில் 15க்கு ஒன்றுமில்லை. ஒரு மாதம் இப்படிப் போனால் பதினாறாவது எச்சரிக்கையை எவரும் மெதுவாகத்தான் திறப்பார். அது மனித இயல்பு. விதியை இறுக்கினால் வீண் மணி குறையும். கூடவே உண்மையான ஒன்று தவறிப்போகவும் செய்யும். வீண் எச்சரிக்கையின் விலை ஓர் இரத்தப் பரிசோதனையும் ஒரு பயணமும். தவறிய எச்சரிக்கையின் விலை ஓர் உயிர். ஆகவே விதி தாராளமாகவே இருக்க வேண்டும். அதற்கேற்ற ஆட்பலமும் வேண்டும். அரச வைத்தியசாலையில் ஏற்கெனவே வார்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாதியிடம் இன்னொரு திரையைக் கொடுப்பது ஏற்பாடு ஆகாது.

அதனால்தான் சொல்கிறேன்: நாள் முழுவதும் தமிழிலும் சிங்களத்திலும் பேசக்கூடிய ஒருவர் எடுக்கும் ஒரு தொலைபேசி இலக்கமும், ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நல்ல வெப்பமானியும் முதலில் வரட்டும். செயலி அதன்மேல் வரட்டும். ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கும், டேற்றா தீர்ந்துபோனவருக்கும் அந்த இலக்கம் உதவும். செய்தியைப் பார்க்க ஆளில்லாத செயலி இருப்பது, எதுவும் இல்லாததைவிடத் தீங்கானது. பதிந்துவிட்டோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நிம்மதியில் வீட்டார் உறங்கிவிடுவார்கள். வைத்தியரின் வாட்ஸ்அப்புக்கு இரத்தத் தாளின் படத்தை அனுப்பிவிட்டு நீல நிறச் சரிக்குறிக்காகக் காத்திருப்பதிலும் இதே ஆபத்து இருக்கிறது.

தரவு பற்றியும் ஒரு சொல். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவல்களைச் சிறப்புப் பாதுகாப்புக்குரியவையாகக் கொள்கிறது. இலவசமாகத் தரவிறக்கும் செயலி தகவலை எங்கே சேமிக்கிறது, யாருக்குக் கொடுக்கிறது என்று எழுத்தில் சொல்லாவிட்டால், அதில் நோயின் பெயரைப் பதியத் தேவையில்லை.

செயலி இல்லாத வீட்டில் இன்றே செய்யக்கூடியது

1. கீமோ ஏற்றிய நாளை நாட்காட்டியில் குறித்து, ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வேறு நிறத்தில் கோடிடுங்கள். அந்த நாட்களில் காலையும் மாலையும் ஒரே வெப்பமானியால், ஒரே இடத்தில் அளந்து எழுதுங்கள்.

2. எந்த அளவில் அழைக்க வேண்டும் என்பதை உங்கள் வைத்தியரிடமே கேட்டு, அவர் சொன்ன எண்ணை எழுதி வையுங்கள். அவர் எதுவும் சொல்லியிராவிட்டால், 38 பாகை, அதாவது 100.4, என்பதே போவதற்கான எல்லை. நடுக்கமோ மயக்கமோ மூச்சு வாங்கலோ இருந்தால் எண்ணைப் பார்க்கத் தேவையில்லை.

3. மகரகமவுக்கு 138 பஸ்ஸில் போய் வருவது கிளினிக் நாளுக்குச் சரி. இரவுக் காய்ச்சலுக்குச் சரிவராது. 1990 சுவ செரிய அம்புலன்ஸ் இலவசம். அது பெரும்பாலும் அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கே கொண்டுபோகும். முதல் வேளை மருந்து அங்கேயே தொடங்கப்படுவதுதான் நல்லது.

4. அவசர சிகிச்சைப் பிரிவில் முதல் வாக்கியமாகக் ‘காய்ச்சல்’ என்று சொன்னால் நீங்கள் காய்ச்சல்காரர் வரிசையில் நிற்பீர்கள். ‘புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றி இன்று பத்தாம் நாள், காய்ச்சல் 101’ என்று சொல்லுங்கள்.

5. கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் மருந்துகளின் பெயர், ஏற்றிய திகதி, வார்டின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவித்து வைத்திருங்கள்; இரவில் கடமையிலிருப்பவருக்குத் தமிழ் தெரியாமலிருக்கலாம். அந்தக் கொப்பி நோயாளியின் தலைமாட்டில் இருக்க வேண்டும். அலுமாரிக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்தால், இரவு இரண்டு மணிக்குச் சாவியைத் தேடுவதிலேயே முதல் கால்மணி நேரம் போய்விடும்.